கேரட் வெந்த கதையும் கடலூர் பஸ் ஸ்டாண்டும்

1

நாங்கள் பிரான்சுக்கு வந்து இருபத்தொரு வருஷம் நிறைந்த வாரத்தில் எனக்கு லண்டனிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. லியோன் நகரத்தை ஒட்டி நாங்கள் குடியிருக்கும் பகுதியில் தபால்காரர் மாடி ஏறுவதில்லை. கீழே பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நாம்தான் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

கவுன்டரில் இருந்த பெண் சீட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலத்தில் 'வி. கலியமூர்த்தி' என்று இருந்தது. அட்டையில் கலியமூர்த்தி முதலில், வளர்மதி அடுத்து, என் கணவர் பெயர் அதற்கும் கீழே என்று மூன்று வரி.

"மிஸ்யூ கலியமூர்த்தி வரவில்லையா?" என்று கேட்டார்.

"அவர் கடலூரில் இருக்கிறார்" என்றேன்.

வாய் தவறிச் சொல்லவில்லை. உண்மையே அதுதான். கலியமூர்த்தி என் அப்பா. நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி நம் பெயருக்கு முன்னால் நிற்கும். இங்கே வந்த முதல் மாதமே அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்த கையோடு அதுவே குடும்பப் பெயராகிவிட்டது, வளர்மதி ஓர் எழுத்தாகிவிட்டாள். பல் டாக்டர், வரி அலுவலகம், மகளின் பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் நான் மதாம் கலியமூர்த்திதான். அம்மா இருந்தவரைக்கும் அப்பாவை 'இந்தாங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே என்னடாவென்றால் ரொட்டிக் கடையில்கூட அவர் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விளக்கிப் பொட்டலத்தை வாங்குவதற்குள் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்கள்.

2

பொட்டலத்துக்குள் நான் அனுப்பிய ஐம்பது பக்கங்கள் இருந்தன. கூடவே ஒரு கடிதம்.

நான் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக நம் ஆட்களின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடையிடையே எனக்காகப் பிரெஞ்சுச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் செய்து பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அதில் இரண்டு மூன்று வந்தது. அதைப் படித்துவிட்டு லண்டன் பதிப்பகம் ஒன்றின் எடிட்டர் ஒரு முழு நாவலை என்னிடம் கொடுத்தார். ஹெலன் என்று பெயர், இன்னும் பென்சிலால் திருத்துகிற பழைய கட்சி.

நாவல் வடக்கு பிரான்சில் ஒரு சின்ன ஊரின் பஸ் டிப்போவைப் பற்றியது. டிப்போவை மூடப் போகிறார்கள். வண்டிகளுக்கு நேரம் போட்டு அனுப்புகிற சொலாஞ்ச் என்ற பெண்ணும், ரெனே என்ற டிரைவரும், இன்னும் நாலைந்து பேரும் அந்தக் கடைசி வருஷத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் வாய்ச்சண்டை. பக்கத்துக்குப் பக்கம் பிரெஞ்சுச் சொலவடை. ஒருத்தருக்கும் நேராகப் பேசத் தெரியாது.

ஹெலனின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. வெளியாள் ஒருவரிடம் என் பக்கங்களைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுதிய அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மொழிபெயர்ப்பாளருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரிகிறது, ஆங்கிலம் அவருடைய மொழி இல்லை, இதில் வருகிற டிரைவர்களைப் போல இங்கிலாந்தில் ஒருவரும் பேசுவதில்லை. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் முழுவதையும் செப்பனிடுவார். புத்தகத்தில் இரண்டு பெயர் வரும். அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. இதற்குச் சம்மதமில்லை என்றால் மூன்று வாரத்தில் அந்த ஐம்பது பக்கத்தையும் திருத்தி, நாவலின் கடைசி அத்தியாயத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

"இரண்டு பேர் வந்தா வந்துட்டுப் போவட்டுமே" என்றார் என் கணவர் சேகர். அவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. "உனுக்கு வர்ற காசு வரப் போவுது."

"நீங்க சமைக்கிற சாப்பாட்ட இன்னொருத்தன் மேல கொஞ்சம் கொத்துமல்லி தூவிட்டு, நான் சமைச்சேன்னு சொன்னா வுட்டுடுவீங்களா?"

அவர் யோசித்துவிட்டு, "கொத்துமல்லி தூவுனா நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

3

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அறிக்கை எழுதியவர் குறை சொன்ன ஒவ்வொரு வரியும் நான் பெருமையோடு எழுதிய வரி.

எங்களுக்கு ஆங்கிலம் எப்படி வந்தது என்று கடலூர், சிதம்பரம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோட்ஸ் வாங்கி வந்தது. சிதம்பரத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது கோடு போட்ட ஒரு நோட்டு முழுக்க ஆங்கிலச் சொலவடைகளை எழுதி வைத்திருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். ஆலப்பாக்கம் வருவதற்குள் பத்து, புதுச்சத்திரத்தில் இருபது, முட்லூரில் முப்பது. வெள்ளாற்றுப் பாலத்தில் நோட்டை மூடிவிட்டு ஒருமுறை மனதுக்குள் ஒப்பிப்பேன். பூனையும் நாயுமாக மழை பெய்கிற ஆங்கிலம் அது. மொழித் தாளில் நான்தான் முதல் மதிப்பெண்.

பிரெஞ்சு வந்த கதை இதைவிட லட்சணம். ப்ளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் ஜாஸ்தி என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். பிரான்சு எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மார்க் இருக்கிற திசை தெரியும். அங்கேயும் ஒரு நோட்டு. 'கேரட் வெந்துவிட்டது' என்றால் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று அர்த்தம், இரண்டு மார்க். 'பதினாலு மணியில் பன்னிரண்டு மணியைத் தேடுவது' என்றால் 'எளிதானதைச் சிக்கலாக்குவது', இரண்டு மார்க். பிரெஞ்சில் நான் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். கிடைக்காமல் போன இரண்டு மார்க்கை அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, இந்த நாவலை நான் எப்படிச் செய்தேன் என்றால், பிரெஞ்சு நோட்டில் ஒரு வரியைப் பார்த்து, ஆங்கில நோட்டில் அதே அர்த்தமுள்ள வரியை எடுத்துப் பொருத்தினேன். இந்தப் பக்கம் ஒரு சொலவடை என்றால் அந்தப் பக்கமும் ஒரு சொலவடை. ஒன்றைக்கூட விடவில்லை. மேலே சொன்ன கேரட் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. சொலாஞ்ச், டிப்போவை மூடுகிற உத்தரவு வந்ததும் சொல்கிறாள். அதற்கு நான் 'தி கேம் இஸ் அப்' என்று போட்டிருந்தேன். அதன் பக்கத்தில் ஹெலன் பென்சிலால் எழுதியிருந்தார்: 'ஒரு பஸ் குமாஸ்தா ஏன் திருடனைப் பிடித்த போலீஸ்காரரைப் போலப் பேசுகிறார்?'

என் மகள் நிலா அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். பதினேழு வயது. பிறந்தது இங்கே. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். அவளுடைய பதில்களை இங்கே நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

"அம்மா, இந்தம்மா நம்ம மாடி வீட்டுப் பாட்டி மாதிரி பேசுறாங்க பிரெஞ்சுல. உன் இங்கிலீஷ்ல கோட்டு சூட்டு போட்டுட்டுப் பேசுறாங்க" என்றாள்.

அறிக்கை எழுதியவர் சொன்னதைவிட இது எனக்கு உறைத்தது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிடுவது வழக்கம். அங்கே அது மத்தியானம், வண்டிக் கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும் நேரம்.

அப்பா கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எழுபத்திரண்டு வயதாகியும் வீட்டில் உட்கார மாட்டேன் என்று இன்னும் பாதி நாள் போகிறார். தனியார் பஸ் கம்பெனிகளுக்கு இப்படி ஒருவர் இருப்பார். வண்டி உள்ளே வந்த நேரத்தையும் கிளம்புகிற நேரத்தையும் நோட்டில் எழுதி, கண்டக்டர் நீட்டுகிற சீட்டில் கையெழுத்துப் போட்டு 'எடு' என்பார். அவர் எடு என்று சொல்லாமல் வண்டி நகராது, சொன்ன பிறகு நிற்கவும் கூடாது. ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால், அந்த நிமிஷத்தில் ஏறுகிற ஜனம் பின்னால் வருகிற வண்டியின் ஜனம். அந்த டிரைவர் இறங்கிச் சண்டைக்கு வந்துவிடுவான்.

இந்த விஷயத்தில் அப்பாவுக்கு உறவுமுறை கிடையாது. எம்.ஏ. கடைசிப் பரீட்சை அன்று நான் தூக்குச் சட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வருகிறேன். எட்டு இருபது வண்டி. அப்பா என்னைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், 'எடு' என்கிறார். வண்டி என் கண் முன்னால் போய்விட்டது. டிரைவர்கூடக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நான் அழுதுகொண்டே நின்றதற்கு அப்பா சொன்னது: "என் பொண்ணுன்னு உனுக்கு ஒரு நிமிஷம் குடுத்தன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு நிமிஷம் கேட்டுக்கினு வருவான். அடுத்த வண்டி எட்டு முப்பத்தஞ்சி. போய் ஒக்காரு." பரீட்சைக்குப் பத்து நிமிஷம் தாமதம். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அவரிடம் அவ்வப்போது சொல்லியும் காட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னா பாப்பா, சொரத்தே இல்ல?"

"ஒண்ணுமில்லப்பா. வேலைல ஒரு தகராறு."

"யாரு கூட?"

யாரோடு என்று சொல்வது? வேறு வழியில்லாமல் நாவலைச் சொன்னேன். நாவல் என்றே சொல்லவில்லை, இங்கே ஒரு பஸ் டிப்போ, இப்படி நடந்தது என்று சொன்னேன். ரெனேவுக்கு முப்பது வருஷ சர்வீஸ். டிப்போவை மூடுகிற மாதத்தில் கம்பெனிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு, 'இது எனக்கு அழகான கால் செய்து கொடுக்கும்' என்கிறான். பிரெஞ்சில் அப்படிச் சொன்னால், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அர்த்தம். ஆங்கிலத்தில் நான் 'இட் கட்ஸ் நோ ஐஸ்', அதாவது இதெல்லாம் என்னிடம் எடுபடாது, என்று நோட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன்.

"நம்ம ஸ்டாண்டுல ஒரு டிரைவரா இருந்தா என்னாப்பா சொல்லுவான்?" என்று கேட்டேன்.

"டிரைவர வுடு. எனுக்கே குடுத்தான. இருவத்தஞ்சி வருஷம்னு சொல்லி மேடைல ஏத்தி ஒரு செவுத்துக் கடியாரம் குடுத்தான் மொதலாளி. டைம் கீப்பருக்குக் கடியாரம். அந்த வருஷம் போனஸ் கெடையாது."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது. 'ரொம்ப சந்தோஷம்'னேன்."

அதை அவர் சொன்ன தொனி இருக்கிறதே, அதில் போனஸ், மேடை, மாலை, இன்றும் வீட்டுச் சுவரில் ஓடாமல் தொங்கும் கடிகாரம் எல்லாம் இருந்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே மேஜையில் இருந்த பக்கத்தை இழுத்து, ஐஸை அடித்துவிட்டு 'லவ்லி' என்று ஒரே வார்த்தை எழுதினேன். இங்கிலாந்தில் அந்த வார்த்தையைச் சந்தோஷத்துக்கும் சொல்வார்கள், வெறுத்துப் போனாலும் சொல்வார்கள். கேட்பவனுக்கு எது என்று தெரிந்துவிடும்.

5

அன்று முதல் மூன்று வாரம் எங்கள் வீட்டில் இதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. தினமும் காலையில் அப்பாவைக் கூப்பிடுவேன். பிரெஞ்சு வரியைச் சொல்ல மாட்டேன். யார் யாரிடம் சொன்னது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை மட்டும் ஊர்வம்பாகச் சொல்வேன். இரண்டே நாளில் அவருக்கு அந்த டிப்போ பழகிவிட்டது. "அந்த ரெனேப் பையன் இன்னைக்கு என்னா பண்ணான்?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். ரெனேவுக்குக் கதையில் ஐம்பத்தெட்டு வயது.

ஒரு நாள் பதினாலு மணிச் சமாசாரத்தைச் சொன்னேன். ரெனே, தன் வழித்தடத்தை மாற்றியதற்குப் பின்னால் ஒரு பெரிய சதி இருக்கிறது என்று புலம்புகிறான். கூட்டாளி டிரைவர் ஒருவன் அவனிடம், நீ பதினாலு மணியில் பன்னிரண்டைத் தேடுகிறாய் என்கிறான். நான் 'மயிரைப் பிளக்காதே' என்று பொருள்படும் ஆங்கிலத்தைப் போட்டிருந்தேன்.

"மச்சான், ரோடு வேல நடக்குது மச்சான். அவ்ளோதான்" என்றார் அப்பா.

"அவ்ளோதானா?"

"பின்ன? நம்ம ஆளுங்க திட்டறப்பவும் மச்சான்னுதான திட்டுவானுங்க. மாமான்னு சொன்னா கொஞ்சம் தழைஞ்சி போறான்னு அர்த்தம். ரெண்டையும் வுட்டுட்டு 'இந்தாப்பா'ன்னான்னு வெச்சிக்க, அன்னைக்கு அடிதடிதான்."

நாற்பது வருஷம் அதே இடத்தில் சண்டை பார்த்த மனுஷன் சொல்வதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. சூடு சொலவடையில் இல்லை, கூப்பிடுகிற முறையில் இருக்கிறது. இங்கிலாந்து டிரைவர்களிடமும் ஒரு மச்சான் உண்டு, 'மேட்' என்பார்கள். அதைக் கொஞ்சியும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். நான் ஐம்பது பக்கத்தில் ஓர் இடத்தில்கூட அதைப் போடவில்லை, ஏனென்றால் அது என் நோட்டில் இல்லை. 'இட்ஸ் ஒன்லி ரோட்வொர்க்ஸ், மேட்' என்று எழுதினேன். பன்னிரண்டு மணியும் போயிற்று, பதினாலு மணியும் போயிற்று.

எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. சில இடத்தில் அப்பா, "அவன் எதுக்குப் பேசறான், ஹாரன் அடிப்பான்" என்றுவிடுவார். மூல நூலில் இல்லாத ஹாரனைச் சேர்க்க எனக்கு உரிமை கிடையாது. சில இடத்தில் அவர் சொன்னதை அச்சிலேயே போட முடியாது. இன்னும் சில இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொலவடையை வேண்டுமென்றே வேடிக்கையாகச் சொல்கிறார்கள், அதைச் சாதாரணமாக்கினால் வேடிக்கை போய்விடும். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சையும் நான் நோட்டில் படித்தவள்தானே.

அதற்கு நிலா வேண்டியிருந்தது. முதலில் காதில் மாட்டியிருந்த பாட்டைக் கழற்றாமலே, "இது சாதாரணம், எல்லாரும் சொல்வாங்க", "இது கிழவங்க சொல்றது", "இது அவ வேணும்னே சொல்றா" என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் நான் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பா ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"தாத்தா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். சின்ன வயதில் கடலூரில் நாலு வாரம் இருந்துவிட்டு வந்ததற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தினால் எழுந்து போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்தோம். பேத்தி பிரெஞ்சின் தொனியைச் சொல்வாள், தாத்தா கடலூரில் அதே தொனியில் பேசிக் காட்டுவார், நான் அதே தொனிக்கு ஆங்கிலம் தேடுவேன். மூன்று பேரும் சரளமாகப் பேச ஒரு பொது மொழி கிடையாது. ஆனாலும் வேலை நடந்தது.

6

கடைசி அத்தியாயம் பாக்கி. கடைசிப் பக்கத்தில் கேரட் மறுபடியும் வருகிறது.

டிப்போவில் எல்லாம் காலி. சுவரிலிருந்த அட்டவணையையும் கழற்றிவிட்டார்கள். ரெனே கடைசி டிரிப்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். சொலாஞ்ச் நேரத்தைக் குறித்துக்கொள்கிறாள், அவனைப் பார்த்து, 'கேரட் வெந்துவிட்டது, கிளம்பு' என்கிறாள். நாவல் அங்கே முடிகிறது.

"அழறாளா?" என்று நிலாவிடம் கேட்டேன்.

"இல்ல. அழ மாட்டா. அதான் கேரட்னு சொல்றா" என்றாள்.

ஆங்கிலத்தில் பதினேழு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சொலாஞ்ச் அழுதாள், அல்லது பிரசங்கம் செய்தாள். ஒன்றில் திருடனைப் பிடித்தாள். மறுநாள் அனுப்பியாக வேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

அவர் போனோடு வண்டிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார்.

"பழைய மொதலாளி ரூட்ட வித்தாரே, நெனப்பிருக்கா? நீ அப்ப பிரான்சு போயிட்ட" என்றார். "சிதம்பரம் வண்டிதான் கடைசி. நம்ம வண்டி அது, நீ காலேஜுக்குப் போன வண்டி. ஆறு பத்துக்கு எடுக்கணும். டிரைவரு ஸ்டேரிங்க புடிச்சிக்கினு என்னியே பாத்துக்கினு இருக்கான். கண்டக்டரு சீட்ட நீட்டறான்."

"நீங்க என்னா சொன்னீங்கப்பா?"

"'எழுதியாச்சு. எடு'ன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னா சொல்லணும்? ஆறு பத்து ஆயிடுச்சே."

அடுத்த வாரமே வேறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எனக்கு அப்போது போனில் சொல்லியிருந்தார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எட்டு இருபது வண்டியை விட்டதற்கு இத்தனை வருஷமாக அவரைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு மட்டும் கொடுக்காத நிமிஷம் என்று நினைத்திருந்தேன். அவர் தனக்கும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

'தட்ஸ் தட். ஆஃப் யூ கோ' என்று எழுதினேன். நிலா படித்துவிட்டுத் தலையாட்டினாள். இப்போது அவள் அழவில்லை என்றாள். சொலாஞ்சைச் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

7

ஹெலனிடமிருந்து பத்து நாளில் பதில் வந்தது. இந்த முறையும் பொட்டலம், இந்த முறையும் தபால் நிலையம். அதே பெண் என்னைப் பார்த்ததும், "அப்பா நலமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.' கடிதத்தில் இரண்டே பத்தி. திருத்துவதற்கு வேறொருவர் தேவையில்லை. புத்தகத்தில் உங்கள் பெயர் மட்டும் வரும்.

அதை நான் நடுக்கூடத்தில் நின்று இரண்டு மொழியில் வாசித்தேன். சேகர், "கொத்துமல்லி வேணாம்னுட்டாங்களா?" என்றார். அன்று அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

பெருமையாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. மறைக்கவில்லை. மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவள், நோட்ஸ் படித்து ஆங்கிலம் கற்றவள், பிரெஞ்சு நாவல் ஒன்றை இங்கிலாந்துக்காரர்கள் படிக்கிற ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறேன். அது சரியாக வந்ததற்குக் காரணம் இரண்டு நோட்டும் அல்ல. மார்க்குக்காக எதைப் படிக்காமல் விட்டேனோ அது. அதை எனக்காக ஒருவர் நாற்பது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கடலூருக்கு அனுப்பினேன். டிப்போ கதை ஒரு நாவல் என்பதையும், இரண்டு பெயர்ச் சண்டையையும், அது என் பெயர் மட்டும் என்று முடிந்ததையும் அதற்குள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் பகலில் ஆள் இருக்காது என்று பஸ் ஸ்டாண்ட் டைம் ஆபீசுக்கே அனுப்பச் சொல்லியிருந்தார். கூரியர் வந்த அன்று அவரே வீடியோவில் கூப்பிட்டார். நான் இங்கே அப்போதுதான் காபி போட்டிருந்தேன். நிலாவும் பக்கத்தில் வந்து நின்றாள். திரையில் அப்பாவின் பாதி முகம், பின்னால் வண்டிகள், சுண்டல்காரர் குரல்.

"எந்தப் பக்கத்துல பாப்பா?"

"மூணாவது பக்கம். தலைப்புக்குக் கீழ பாருங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டினார். பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

"ரெண்டு பேரு போட்டிருக்கான" என்றார். "அவ்ளோ சண்ட போட்டியே. அப்பறம் எப்பிடி ஒத்துக்கின?"

"ரெண்டு இல்லப்பா. நல்லாப் படிங்க."

"இல்ல பாப்பா, ரெண்டு இருக்குது. வளர்மதின்னு இருக்குது, அப்பறம்..." விரலை வைத்து ஆங்கில எழுத்தாக நகர்ந்தார். கே என்றார், ஏ என்றார். எல் என்றார். நின்றுவிட்டார்.

நாற்பது வருஷமாக ஆயிரக்கணக்கான சீட்டில் அவர் போட்டது 'கே' என்று ஆரம்பித்து ஒரே இழுப்பில் முடிகிற கையெழுத்து. தன் பெயரை முழுசாக அச்சில் அதற்கு முன் அவர் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்திருப்பார்.

"எம் பேரு எப்பிடி இங்க வந்துச்சு?" என்றார்.

"இங்க என் பேரு அதாம்பா" என்றேன்.

அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கண்டக்டர் ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு திரைக்குள் வந்தார்.

"பெருசு, டைம் ஆவுது. கையெழுத்துப் போடு. பின்னாடி வண்டிக்காரன் கத்தறான்."

அப்பா நிமிரவில்லை.

"செத்த இருடா மச்சான்" என்றார். "படிச்சிக்கினு இருக்கேன்."

அன்றைக்குச் சிதம்பரம் வண்டி ரெண்டு நிமிஷம் லேட்.